டச்சுச் சட்டியும் என் மூக்கு முறையும்

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய வார்ப்படப் பட்டறை மூடிக் கிடக்கிறது. மாதாமாதம் இரண்டாம் ஞாயிறன்று அதன் மதிலுக்குப் பின்னால் புகை எழும்பும், ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும், மத்தியானத்துக்கு மேல் எல்லாரும் வயிற்றைத் தடவிக்கொண்டு வெளியே வருவார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது என்னவென்று எனக்கு மண்டைக் குடைச்சல். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகக் காலம் தள்ளியவள் நான். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இன்று பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "இரு, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன்.

உள்ளே சமையல் நடக்கிறது! மண் தரையில் வரிசையாகக் கறுப்பு இரும்புச் சட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று குட்டைக் கால். தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும் கனம். கீழே கரிக்கங்கு. மூடியைச் சுற்றி விரல் உயரத்துக்கு வரம்பு, அதற்குள்ளும் கரிக்கங்கு. மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு, நடுவில் கோழி.

பட்டறை முதலாளி மயில்சாமிதான் இந்தக் குழுவுக்குத் தலைவர். வெள்ளை வேட்டி, கையில் இடுக்கி.

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ஆர்டர் குடுத்தானுங். டச்சுச் சட்டின்னு பேரு. ஒரு லாரிச் சட்டி வார்த்து முடிச்சப்புறம் வேண்டாம்னு சொல்லிப் போட்டான். ஒடைச்சு உருக்க மனசு வரலீங். சரி, என்னதான் இருக்குன்னு ஆக்கித் தின்ன ஆரம்பிச்சோம். இன்னும் நிறுத்தலீங்" என்றார். என் பெயரைக் கேட்டார். பிரம்மசக்தி என்றேன். "அத்தாப் பெரிய பேரு நம்ம வாயில நிக்காதுங். டீச்சரம்மான்னே கூப்புட்டுக்கறோம்."

கோழி எப்படி என்று கேட்டார்கள். பூவாக வெந்திருக்கிறது, உப்பு சரி, காரம் சரி என்றேன். ஜனவரிக் காய்ச்சலோடு வந்த ஜலதோஷம் இன்னும் முழுசாக விடவில்லை. அதனால் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. என்னையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 11, புதன்

முத்தரசி பெங்களூரிலிருந்து பேசினாள். கரி நெருப்பு என்றதும் மகளுக்குக் குரல் மாறிவிட்டது. மார்ச் மாதம் நடந்ததை அவள் இன்னும் விடவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கேஸ் திறந்தபடி இருந்திருக்கிறது. நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெய்வாத்தாள் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து அடைத்தாள். ரெகுலேட்டர் பழசு. மாற்றியாகிவிட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்துச்சுன்னா, வீட்டைப் பூட்டிட்டு உன்னை இங்க கூட்டிட்டு வந்துருவேன். சொல்லிட்டேன்" என்றாள்.

"ஏட்டி, பதினாறாவது மாடியில நான் என்ன புறாவா வளக்கப் போறேன்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த வீடு என் பி.எஃப். பணத்தில் நானே நின்று கட்டியது. இதில் நான் தனியாக இருக்க வேண்டும், எனக்கு இஷ்டமான நேரத்துக்கு எழுந்து இஷ்டமானதைத் தின்ன வேண்டும். இது ஒன்றுதான் எனக்கு இப்போது இருக்கும் ஆசை. யார் கேட்டாலும் இதை நான் விடப்போவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்றுதான் குழுவின் சட்டதிட்டம் புரிந்தது. இவர்களிடம் மூக்கு முறை என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆளாளுக்கு மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்களாம். சூடு போய், எதுவும் உருப்படியாக வேகவில்லை. சண்டை. அதனால் ஒரு விதி வைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் மூக்கு. அவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு சட்டிகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் மதிலோரம் போய் நின்றுகொள்ள வேண்டும், ஜாடை காட்டக் கூடாது. கடிகாரமும் கிடையாது. வாசனையை மட்டும் வைத்து மூக்கு "தூக்கு" என்று சொன்னால்தான் மூடி திறக்கும். வேகாவிட்டாலும் கருகினாலும் எல்லாரும் அதைத்தான் தின்ன வேண்டும்.

இன்று ஹபீப் பாய் மூக்கு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவசரக்காரர். விசில் ஊதுகிற மாதிரி சட்டென்று "தூக்கு" என்றுவிட்டார். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய அரிசிம்பருப்புச் சோறு நறுக்கு நறுக்கென்று இருந்தது. எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டே தின்றோம். அவரும் சேர்ந்து திட்டினார்.

எனக்கு இது ஒரே ஆச்சரியம். ஒவ்வொருவரிடமும் போய், என்ன வாசனை முதலில் வருகிறது, அப்புறம் என்ன வருகிறது என்று நோண்டி நோண்டிக் கேட்டேன். முதலில் பச்சை வெங்காய வாடை, அப்புறம் சீரகம், கடைசியில் நெய்யும் பருப்பும் சேர்ந்து ஒரு மணம் வருமாம், அது வந்ததும் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டுமாம். தெய்வாத்தாள் சொன்னாள்: "அதெல்லாம் சொல்லி வராதுங் டீச்சர். மோந்தாத் தெரியும்."

சேர்ந்த வரிசைப்படி முறை வரும். என் முறை செப்டம்பரில்.

ஜூலை 14, திங்கள்

ஊதுபத்தி மூன்றைச் சேர்த்துக் கொளுத்தி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றுமில்லை. மலிவுச் சரக்கு.

ஜூலை 25, வெள்ளி

மயில்சாமியிடம் ஒரு சட்டியைக் கேட்டு வாங்கி வந்து கொல்லையில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு பழகுகிறேன். எதிலும் முன்பயிற்சி இல்லாமல் மைதானத்தில் இறங்குவது எனக்குப் பிடிக்காது.

பழகப் பழக ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தச் சட்டி பேசுகிறது! முதலில் பெரிய கொதி, தளதளவென்று. அப்புறம் தண்ணீர் இழுக்க இழுக்க ஒவ்வொரு குமிழியாக வெடிக்கும். பிறகு மூடி ஓரத்தில் ஆவி சீறும் சத்தம் மெலியும். ஒரு சின்ன அமைதி. அதற்கப்புறம் அடியில் மணல் நெரிபடுவது போல மெல்ல ஒரு சத்தம் ஆரம்பிக்கும். அந்த இடத்தில் மூடியைத் தூக்கினால் சோறு பதமாக இருக்கிறது. இரண்டு நிமிஷம் தாண்டினால் அடி பிடிக்கிறது. கோழி என்றால் வேறு கதை. எண்ணெய் பிரிந்து படபடவென்று தெறிக்க ஆரம்பித்ததும் தூக்க வேண்டும்.

காது எனக்கு எப்போதும் கூர்மை. பந்து தரையில் விழும் சத்தத்தை வைத்தே காற்றுக் குறைவா என்று சொல்வேன். மூக்கோடு காதையும் சேர்த்துக்கொண்டால் தப்பா என்ன? விதியில் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடிக் காற்று கங்குகளை ஊதித் தள்ளுகிறது. இன்று தெய்வாத்தாள் மூக்கு. நான் மதிலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் "தூக்கு" என்பதற்குக் கொஞ்சம் முன்பாகவே என் மனசு "தூக்கு" என்றுவிட்டது. மூடி திறந்ததும் சோறு லேசாக அடி பிடித்திருந்தது. அவள் மூக்கைவிட என் காது முந்தி. சந்தோஷத்தில் இரண்டு தட்டு தின்றேன்.

எல்லாரும் "என்ன வாசம், என்ன வாசம்" என்றார்கள். நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தெய்வாத்தாளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "பாலுல கெட்ட வாடை அடிக்குதுங்களே" என்றாள். நான் காலையில் அதைத்தான் குடித்தேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை. பால்காரரை மாற்ற வேண்டும்.

அவள் போகும்போது வாசலில் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

என் வாய்தான் எனக்கு எதிரி. மூக்கு முறையைப் பற்றி முத்தரசியிடம் பெருமையடித்துவிட்டேன். பதினான்காம் தேதி நேரில் வருகிறாளாம்.

"அன்னிக்கு நீ கரெக்டாச் சொல்லிட்டன்னா எனக்கும் நிம்மதிம்மா. அந்த கேஸ் விஷயத்துல இருந்து எனக்கு உன் மூக்கு மேலதான் சந்தேகம். சரியா இருக்குன்னு கண்ணால பாத்துட்டா அப்புறம் பெங்களூர்ப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லன்னா என்கூடக் கிளம்பிரணும். சரியா?"

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 13, சனி

சாயங்காலம் தெய்வாத்தாள் வந்தாள். முருங்கைக்கீரை கொடுக்க வந்தவள் போகாமல் நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு நான் மதிலோரம் நின்னு இருமறேனுங். முதல் இருமலுக்குச் சோறு, ரெண்டாவது இருமலுக்குக் கோழி. ஒருத்தருக்கும் தெரியாதுங்."

"நீ எதுக்கு இருமணும்?" என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தாள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனுங்" என்று போய்விட்டாள். என்ன தைரியம்! மைதானத்தில் ஒரு நாள்கூட நான் கள்ளாட்டம் ஆடியதில்லை, பிள்ளைகளை ஆடவும் விட்டதில்லை. கோபத்தில் கீரையை ஆய்கையில் பாதியைத் தண்டோடு போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முத்தரசி காலை ரயிலில் வந்தாள். பத்து மணிக்குப் பட்டறை. இரண்டு சட்டி. ஒன்றில் அரிசிம்பருப்பு, இன்னொன்றில் நாட்டுக்கோழி. மயில்சாமி என் கண்ணைத் துண்டால் கட்டினார். தரை சுடும் என்று காலுக்குக் கீழே காலி கரிச்சாக்கை மடித்துப் போட்டார்கள். எல்லாரும் மதிலோரம் போனார்கள். என் மகள் செருப்புச் சத்தமும் அவர்களோடு போனது.

இரண்டு சட்டியும் ஒரே நேரத்தில் பேசினால் எதை எதுவென்று பிரிப்பது? முதலில் தலை சுற்றியது. பிறகு சோற்றுச் சட்டிக்கு இடது காது, கோழிக்கு வலது காது என்று ஒதுக்கிக்கொண்டேன். காற்று வேறு அடித்து அடித்து ஓய்ந்தது. கால் பக்கம் சூடு ஏறியது. நெருப்புக்கு நடுவில் உட்கார்ந்தால் சூடு ஏறாமல் பனியா கொட்டும் என்று அசையாமல் இருந்தேன். இடது பக்கம் குமிழி வெடிப்பது நின்றது. சீறல் மெலிந்தது. அமைதி. அடியில் மணல் நெரிந்தது.

"சோத்தைத் தூக்கு!" என்றேன்.

ஹபீப் பாய் ஓடிவந்து மூடியை எடுத்தார். "அல்லா! பூ மாதிரி இருக்கு டீச்சர்!"

கைத்தட்டல். நான் துண்டை அவிழ்க்கவில்லை. வலது பக்கம் எண்ணெய் படபடத்ததும் "கோழியைத் தூக்கு!" என்றேன். அதுவும் பதம். மயில்சாமி கரண்டியில் எடுத்து ருசி பார்த்துவிட்டு, "இத்தனை வருசத்துல இப்படி ஒரு மூக்கு நம்ம குழுவுக்கு வாய்ச்சதில்லீங்" என்று சத்தமாகச் சொன்னார். துண்டை அவிழ்த்தேன். முத்தரசி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்மா. நீ இங்கயே இரு. நான் இனிமே கேக்கவே மாட்டேன்" என்று காதில் சொன்னாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அவள் தலையைத் தூக்கினாள். "ஏதோ துணி கருகுற நாத்தம் வருதே?"

எல்லாரும் மூக்கைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். நானும் ஆமா என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஊரே மெச்சிய மூக்கு அல்லவா? கையை நீட்டி, "அந்தக் கோழிச் சட்டிப் பக்கமிருந்து வருது, யாரோ பிடிதுணியைக் கங்குல போட்டுட்டீங்க" என்றேன்.

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

காற்றில் பறந்த கங்கு ஒன்று சாக்கில் விழுந்து எப்போதிருந்தோ கனன்றுகொண்டிருந்திருக்கிறது. என் சேலையின் கீழ்க்கரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அதன் விளிம்பில் கனல் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. என்னிடமிருந்துதான் புகை வந்தது. தெய்வாத்தாள் வாளித் தண்ணீரை அப்படியே என் மேல் ஊற்றினாள்.

"இவ்ளோ புகையுதே," என்றார் ஹபீப் பாய் மெல்ல. "உங்களுக்கு வாடையே வரலையா டீச்சர்?"

"ஜலதோஷம்" என்றேன்.

முத்தரசி என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஈரச் சேலையை விலக்கி என் கணுக்காலைப் பார்த்தாள். கொஞ்சம் சிவந்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "ஜலதோஷமாம்மா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். எனக்கு வாசனை தெரியாது. ஜனவரியிலிருந்து எதுவுமே தெரியாது.

செப்டம்பர் 15, திங்கள்

முத்தரசி லீவு சொல்லிவிட்டாள். காலையில் மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனாள். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் அவள் பீரோவைத் திறந்து என் சேலைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிருவ."

"கேஸ் திறந்திருந்த அன்னிக்கு மட்டும் தெய்வாக்கா வரலன்னா, நான் இங்க எதுக்கு வந்திருப்பேன்னு யோசிச்சுப் பாத்தியாம்மா?"

யோசித்ததில்லை. யோசிக்கக் கூடாது என்றுதான் ரெகுலேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனாலும் பெட்டியில் அடுக்கிய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பீரோவில் வைத்தேன். அவள் அடுக்க, நான் எடுக்க, இப்படியே கொஞ்ச நேரம் ஓடியது.

தெய்வாத்தாள் வந்து இந்தக் கூத்தைப் பார்த்தாள். "அம்மிணி, கொஞ்சம் இருங்க. கேஸை எடுத்துப் போடுங்க. கரண்ட் அடுப்பு வாங்கி வெச்சிருங்க. காத்தால பாலு, குழம்பு எல்லாம் நான் வந்து மோந்து பாத்துட்டுப் போறேன். அந்தியிலயும் ஒருக்கா வாறேன். இவிங்க கதவைத் தொறக்கோணும், அத்தனைதான்."

"எங்கம்மா திறக்க மாட்டாங்கக்கா. உங்களுக்கு அவங்களைத் தெரியாது" என்றாள் என் மகள்.

எவ்வளவு சரியாகச் சொல்கிறாள்! என் வீட்டுக்குள் இன்னொருத்தி வந்து என் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்ப்பது என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் பெட்டி திறந்து கிடந்தது.

"திறப்பேன்" என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் போயாயிற்று. கரண்ட் அடுப்பு வந்தாயிற்று. முத்தரசி சாயங்கால ரயிலில் கிளம்பினாள், நான் இல்லாமல். ஸ்டேஷனில், "ஒரு மாசம் பாப்பேன். கதவைத் திறக்கலைன்னு தெய்வாக்கா ஒரு போன் போட்டாப் போதும்" என்றாள்.

திரும்பி வந்தால் வாசலில் மயில்சாமி. முகம் உர்ரென்று இருந்தது. "நல்ல வாசமுங்க, நல்ல வாசமுங்கன்னு எங்ககூட உக்காந்து தின்னீங்களே டீச்சரம்மா. அதெல்லாம் பொய்யிங்களா?"

"ஆமா" என்றேன்.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்." கொல்லைக்குப் போய் சட்டியைத் தூக்கினார். எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, கோபம் குறையாமலே, "சோத்தை எந்தச் சத்தத்துல தூக்கச் சொன்னீங்க?" என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. கரி பற்றவைத்து, இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தோம். அவருக்கு மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

காலை ஆறு மணிக்குத் தெய்வாத்தாள் கதவைத் தட்டினாள். மூன்று நாளாக வருகிறாள். வருவாள், பாலை மோந்து "செரி" என்பாள், குழம்பை மோந்து "செரி" என்பாள், போய்விடுவாள். கதவைத் திறக்க ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போகிறேன்.

இன்று பாலை மோந்துவிட்டுத் திரும்பினாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. இந்தக் கேள்வியை நான் எனக்குள்கூட முழுசாகக் கேட்டுப் பார்த்ததில்லை.

"தெய்வா, என் மேல ஏதாவது வாடை அடிக்குதா?"

அவள் தரையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுவாள், மரியாதைக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் இனி அவள் பால் சரி என்று சொல்வதையும் நான் எப்படி நம்புவேன்?

அவள் கிட்டே வந்தாள். என் தோளில் முகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அடிக்குதுங் டீச்சர். இந்தப் பச்சை ஜாக்கெட்டு. போன மாசத்துலருந்தே சொல்லோணும்னு இருந்தேன். சேலைக்கு ஒண்ணுமில்லீங். தலைக்கு ஊத்தி நாளாச்சுங்களா? அதுவும் கொஞ்சம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜனவரிக்கு அப்புறம் இவ்வளவு நிம்மதியாக நான் அழுததில்லை. அவள் பயந்துபோய், "தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?" என்றாள்.

"இல்லட்டி. உக்காரு. போயிராத" என்றேன்.

தலைக்கு ஊற்றிக் குளித்தேன். வேறு ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஈரத்தலையோடு வந்து அவள் முன்னால் குனிந்து நின்றேன்.

"இப்பச் செரிங்" என்றாள்.